டியூட்டா, போனா, பென்சிலா? ஆங்கில வாக்கியப் பிழையைப் பிடிக்க எது கைகொடுக்கும்

சாதாரண தர ஆங்கிலத் தாள் எழுதப்போகும் பிள்ளையானாலும் சரி, நுவரெலியாவில் ஹோட்டல் வேலைக்கு விண்ணப்பம் எழுதும் இளைஞரானாலும் சரி, நம் மலையகத்துப் பிள்ளைகளின் ஆங்கிலத்தில் ஸ்பெல்லிங்கைவிட அதிகம் அடிவாங்குவது வாக்கிய அமைப்புதான். சொற்கள் சரியாக இருக்கும், டென்ஸ்கூட சரியாக இருக்கும், ஆனால் வாக்கியம் நிற்காது. இதைச் சரிசெய்ய ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். கூகுள் டிரான்ஸ்லேட், கிராமர்லி, சட்ஜிபிடி, டவுன் டியூஷனில் கொடுக்கும் டியூட் என்ற அச்சிட்ட பாடக் குறிப்பு, அப்புறம் வெறும் பென்சில். எது யாருக்கு உதவும் என்று பார்க்க, தரம் 10 கொப்பியில் வரக்கூடிய ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம்:

"லாஸ்ட் சண்டே வி வென்ட் டு ஹட்டன், மை சிஸ்டர் போட் டூ புக்ஸ். வி வோக்ட் ஹோம். பிகோஸ் த லாஸ்ட் பஸ் ஹாட் லெஃப்ட். வோக்கிங் த்ரூ த எஸ்டேட், த மிஸ்ட் கவர்ட் அஸ். ஓல்தோ வி வேர் டயர்ட், பட் வி வேர் ஹாப்பி."

படித்தால் விளங்குகிறது. ஆனாலும் நான்கு இடத்தில் வாக்கியம் உடைந்திருக்கிறது. பிள்ளை கவனக்குறைவாக எழுதியதால் வந்த பிழைகள் அல்ல இவை. தமிழில் ஒழுங்காக யோசித்ததால் வந்தவை. ஹட்டனுக்குப் போய், புத்தகம் வாங்கி, டீ குடித்துவிட்டு வந்தோம் என்று நாம் எச்சங்களை அடுக்கி, கடைசியில் ஒரே ஒரு வினைமுற்றைப் போடுவோம். ஆங்கிலத்தில் சம்பவம் சொல்லும்போது அந்த வசதி குறைவு. பிள்ளை ஒவ்வொரு எச்சத்தையும் முழு வினையாக்கி, நடுவில் கொமாவை மட்டும் போட்டுவிடுகிறது. 'ஏனென்றால் கடைசி பஸ் போய்விட்டது' என்பது தமிழில் தனியாக நிற்கும். 'பிகோஸ்' என்று தொடங்கும் துண்டு ஆங்கிலக் கட்டுரையில் அப்படி நிற்காது. தோட்டத்துக்குள் நடந்து வரும்போது பனி மூடியது என்றால், நடந்தது நாம், மூடியது பனி என்று தமிழில் யாருக்கும் குழப்பம் வராது. ஆங்கிலத்தில் 'வோக்கிங்' என்று தொடங்கிவிட்டு 'த மிஸ்ட்' என்று எழுதினால், நடந்து வந்தது பனிமூட்டம் என்று ஆகிவிடும். சிங்களமும் வினையைக் கடைசியில் வைக்கும் மொழி. அதனால் இரண்டு மொழி பேசும் நம் பிள்ளைகளுக்கும் இந்த விஷயத்தில் அது கைகொடுப்பதில்லை.

முதலில் கூகுள் டிரான்ஸ்லேட். 2011இல் தமிழ் அதில் சேர்ந்தது. 2017இல் புதிய நரம்பியல் முறைக்கு மாறிய பிறகு நன்றாகவே முன்னேறிவிட்டது. சின்ன வாக்கியத்தைத் தமிழில் கொடுத்தால் ஒழுங்கான ஆங்கில வாக்கியம் வரும். ஆனால் எழுதுகிறவருக்கு அதிலிருந்து எதுவும் ஒட்டுவதில்லை. 'டீச்சர் ஊருக்குப் போய்விட்டார்' என்று மரியாதையாக எழுதினால், பெண் டீச்சரைப் பல நேரம் 'ஹி' ஆக்கிவிடும். கொழுந்து, பெரட்டு, லயம் என்று நம் பேச்சு வரும் இடங்களில் இன்னும் தடுமாறும். அர்த்தம் தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளலாம், எழுதப் பழக அல்ல.

டியூட் வேறு விதம். நல்ல டியூட்டில் விதிகள் சுருக்கமாக இருக்கும், பாஸ்ட் பேப்பர் வினாக்களும் இருக்கும். குறை என்னவென்றால், பயிற்சியில் பெரும்பகுதி கீறிட்ட இடம் நிரப்புவதுதான். வாக்கியத்தின் எலும்புக்கூட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள், பிள்ளை ஒரு சொல்லை மட்டும் செருகுகிறது. அதில் பத்துக்குப் பத்து வாங்கும் பிள்ளைதான் கடிதம் எழுதும்போது கொமாவில் வழுக்கி விழுகிறது. மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்வதை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன். தலைப்பு சற்று மாறினாலே போதும், பிள்ளை திகைத்துப்போகும். ஆனால் கொப்பியை வாங்கி வரிக்கு வரி திருத்தித் தரும் சேரோ மிஸ்ஸோ கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். நீங்கள் சொல்ல வந்தது என்ன என்று உங்களிடமே கேட்டுத் திருத்துவார்கள். நிரம்பி வழியும் டியூஷன் வகுப்பில் அது நடக்காது.

போனில் இரண்டு வகை. கிராமர்லி மாதிரியானது பிழையின் கீழே கோடு போடும். மேலே உள்ள பத்தியில் கொமா பிழை, 'பிகோஸ்' துண்டு, 'ஓல்தோ – பட்' இரண்டும் சேர்ந்து வந்தது ஆகியவற்றைப் பெரும்பாலும் பிடித்துவிடும். பனி நடந்து வந்த வாக்கியம் தப்பிவிடுவதுண்டு, ஏனென்றால் அதில் ஒவ்வொரு சொல்லும் இலக்கணப்படி சரி, பொருள்தான் பிழை. சட்ஜிபிடி அதையும் பெரும்பாலும் பிடிக்கும், தமிழிலேயே காரணமும் சொல்லும். இது பெரிய உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் 'திருத்து' என்று கேட்டால் பத்தி முழுவதையும் தன் பாணியில் மாற்றி எழுதிவிடும், பிள்ளையின் வாக்கியம் காணாமல் போகும். அதனால் கேட்கும்போதே இப்படிக் கேளுங்கள்: "திருத்தி எழுத வேண்டாம். எந்த வாக்கியத்தில் பிழை, ஏன் பிழை என்று மட்டும் தமிழில் சொல்." அப்புறம் திருத்துவது நம் வேலை. ரீலோட் முடிந்தால், சிக்னல் இல்லாத தோட்ட டிவிஷனில் இருந்தால், இந்த வழி அத்தோடு சரி. பரீட்சை மண்டபத்தில் போனுக்கு இடமே இல்லை.

இனி பென்சில். எனக்கு அதிக நம்பிக்கை இதில்தான். தமிழ்ப் பாடத்தில் படித்த வினைமுற்று நமக்கு இங்கே உதவுகிறது. ஆங்கில வாக்கியத்தில் வினைமுற்றுகளின் கீழே கோடு போடுங்கள். 'வென்ட்', 'போட்', 'ஹாட் லெஃப்ட்' எல்லாம் வினைமுற்று. 'டு கோ' என்பதும் தனியாக வரும் 'வோக்கிங்' என்பதும் அல்ல, ஆனால் 'வேர் வோக்கிங்' முழுதாக ஒரு வினைமுற்று. அப்புறம் வினைகளை இணைக்கும் அன்ட், பட், பிகோஸ், ஓல்தோ, வென், ஹூ, விச் போன்ற சொற்களுக்கு வட்டம் போடுங்கள். வட்டம், கோட்டைவிட ஒன்று குறைவாக இருக்க வேண்டும். இவ்வளவுதான் கணக்கு.

முதல் வாக்கியத்தில் கோடு இரண்டு, வட்டம் இல்லை. ஒரு வட்டம் குறைகிறது, 'ஹட்டன்' என்பதற்குப் பிறகு 'அன்ட்' சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபுல் ஸ்டொப் வைக்க வேண்டும். 'பிகோஸ்' துண்டில் கோடு ஒன்று, வட்டமும் ஒன்று. ஒரு வட்டம் கூடிவிட்டது, முந்திய வாக்கியத்தோடு சேர்த்துவிட்டால் சரி: "வி வோக்ட் ஹோம் பிகோஸ் த லாஸ்ட் பஸ் ஹாட் லெஃப்ட்." கடைசி வாக்கியத்தில் கோடு இரண்டு, வட்டம் இரண்டு, ஆகவே 'ஓல்தோ', 'பட்' இரண்டில் ஒன்றை எடுத்துவிட வேண்டும். மூன்று வெவ்வேறு விதிகளாக டியூட்டில் படிப்பதை ஒரே எண்ணிக்கை பிடித்துக் கொடுக்கிறது.

பனி வாக்கியம் மட்டும் இந்தக் கணக்கில் சிக்காது. அதற்கு இன்னொரு கேள்வி கேட்க வேண்டும். 'இங்' வினையோடு வாக்கியம் தொடங்கினால், அதைச் செய்தது யார்? கொமாவுக்கு அடுத்து வரும் பெயர் அவருடையதா? இல்லையென்றால் ஆளை உள்ளே கொண்டு வாருங்கள்: "வைல் வி வேர் வோக்கிங் த்ரூ த எஸ்டேட், த மிஸ்ட் கவர்ட் அஸ்." இப்போது கோடு இரண்டு, வட்டம் ஒன்று.

விதிவிலக்குகளும் உண்டு. 'ஐ திங்க் ஹி இஸ் சிக்' என்பதில் 'தட்' மறைந்திருக்கிறது, அதையும் ஒரு வட்டமாக எண்ணிக்கொள்ளலாம். ஒரே ஆள் செய்த மூன்று வேலைகளைக் கொமா போட்டு அடுக்கி, கடைசியில் 'அன்ட்' வைத்தால் அதுவும் சரிதான். அரைப்புள்ளியையும் ஒரு வட்டமாகக் கொள்ளலாம், ஆனால் பரீட்சையில் ஃபுல் ஸ்டொப்பே போதும்.

ஆகவே பரீட்சை எழுதும் பிள்ளைக்கு நான் சொல்வது பென்சில் முதலில், டியூட் பிறகு, போன் வீட்டில் சரிபார்க்க மட்டும். வேலைக்கு விண்ணப்பிப்பவருக்குச் செயலி தாராளமாக உதவலாம், நேரம் மிச்சம். ஆனால் நேர்முகத் தேர்வில் அதே ஆங்கிலத்தைப் பேச வேண்டிவரும், ஆகவே முதல் பிரதியை நீங்களே எழுதுங்கள், நீங்களே கோடு போடுங்கள். அப்படிப் போடும்போது ஓர் இடத்தில் கவனம் வேண்டும்: "ஐ வேர்க்ட் ஃபோர் டூ இயர்ஸ் இன் எ டீ ஃபக்டரி, ஐ கேன் ஸ்பீக் சிங்களா அன்ட் டமில்." இதில் 'அன்ட்' இருக்கிறதே என்று வட்டம் போட்டுவிடாதீர்கள். அது இரண்டு மொழிப் பெயர்களைத்தான் சேர்க்கிறது, இரண்டு வினைகளை அல்ல. 'ஃபக்டரி' என்பதற்குப் பிறகு இன்னொரு 'அன்ட்' வர வேண்டும்.