உபுண்டு போட்டு விற்றீர்களே, உங்கள் ஆட்களிடமும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

இந்தக் கோடையில் என் லேப்டாப்பின் டச்பேட் லேசாக மேலே தூக்கிக்கொண்டது. க்ளிக் சரியாக விழவில்லை, மேஜையில் வைத்தால் ஒரு பக்கமாக ஆடியது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது, பேட்டரி ஊதிவிட்டது. வேலூரில் இது பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. ஏப்ரல் வந்தாலே "வேலூரில் வெயில் சதம்" என்று பேப்பரில் போட ஆரம்பித்துவிடுவார்கள், அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் அது நூற்றைந்தையும் தாண்டிப் போகும். அந்தச் சூட்டில் நாள் முழுக்கச் சார்ஜரில் கிடக்கும் லித்தியம் பேட்டரி என்ன பாடுபடும்? சத்துவாச்சாரியில் மாடி ரூமில் ட்யூஷன் எடுப்பவன் நான், ரூமில் ஏசி கிடையாது.

வாங்கும்போதே பேட்டரிக்கும் சேர்த்து மூன்று வருட வாரண்டிக்குக் காசு கட்டியிருந்தேன், அது முடியக் கொஞ்ச நாள்தான் பாக்கி. கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். மறுமுனையில் ஒரு பையன், ரொம்ப மரியாதையாகத்தான் பேசினான்.

"சார், எங்க ஆப்ல பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் எடுத்து மெயில் பண்ணுங்க சார்."

"அந்த ஆப் விண்டோஸ்ல மட்டும்தாங்க ஓடும். என்கிட்ட உபுண்டு."

"அப்ப ஒருதடவை விண்டோஸ் இன்ஸ்டால் பண்ணிட்டு எடுத்துடுங்க சார்."

உபுண்டு என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ் சிஸ்டம். அதை நானாக ஏற்றிக்கொள்ளவில்லை. அந்தக் கம்பெனியே உபுண்டு 20.04 போட்டு, பெட்டி மேல் ஸ்டிக்கர் ஒட்டி, பில்லிலும் உபுண்டு என்று அடித்துக் கொடுத்த மெஷின் இது. உபுண்டுவின் டெர்மினலில் ஒரு வரி கட்டளை அடித்தால் பேட்டரி செய்யப்பட்டபோது எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு தாங்குகிறது, எத்தனை சதவீதம் மிச்சம் என்று எல்லாம் வந்துவிடும். அதைப் படம் எடுத்து அனுப்பினால், "இது எங்க ஃபார்மட் இல்ல சார்" என்கிறான். ஊதிக்கொண்டு நிற்கும் பேட்டரியைப் போட்டோ எடுத்து அனுப்பினேன், அதுவும் ஃபார்மட் இல்லையாம். ஊதின பேட்டரியோடு மெஷினை ஆன் செய்து, விண்டோஸ் ஏற்றி, அரை மணி நேரம் ஓடவிட்டு ரிப்போர்ட் எடு என்று ஒரு கம்பெனி சொல்கிறது. தீப்பிடித்தால் அதற்கு எந்த ஃபார்மட் என்று கேட்டிருக்க வேண்டும், அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

கடைசியில் காட்பாடி பக்கம் இருக்கும் சர்வீஸ் சென்டருக்கே தூக்கிக்கொண்டு போனேன். அங்கே கொஞ்சம் வயதான இன்ஜினியர் ஒருவர். ஆன் பண்ணும்போதே ஒரு கீயை அழுத்தினார், நீல ஸ்க்ரீன் ஒன்று வந்தது, அதற்குள்ளேயே பேட்டரி டெஸ்ட் இருந்தது. ரெண்டு நிமிஷத்தில் 'பேட்டரி மாற்றவும்' என்று ஒரு கோட் நம்பரோடு வந்துவிட்டது. "இதுக்கு விண்டோஸும் வேணாம், உபுண்டுவும் வேணாம் சார், பயாஸ்லயே இருக்கு" என்றார். விண்டோஸோ உபுண்டுவோ ஏறும் முன்பே ஓடும், மெஷினுக்குள்ளேயே பதிந்த ப்ரோக்ராம்தான் பயாஸ். போனில் பேசியவனுக்கு அந்த டெஸ்ட்டைப் பற்றி யாருமே சொல்லித்தரவில்லை. அதற்காகத்தான் இவ்வளவு அலைச்சலும் கத்தலும்.

லினக்ஸுக்கு நல்ல சப்போர்ட் கொடுங்கள் என்று கம்பெனிகளிடம் கேட்பவர்கள் எல்லோரும் டிரைவரைத்தான், அதாவது வைஃபை, கேமரா போன்றவற்றை ஓடவைக்கும் ப்ரோக்ராமைத்தான் கேட்கிறார்கள். நானும் கேட்பேன். ஆனால் இந்தக் கம்பெனிக்கு நான் எழுதிய நீண்ட மெயிலில் முதல் யோசனைக்கு ஒரு வரி ப்ரோக்ராம்கூட எழுத வேண்டாம். ஒரே ஒரு பக்கம் டைப் அடித்து உங்கள் கால் சென்டர் ஆட்களுக்குக் கொடுங்கள்: நாம் உபுண்டு போட்ட மெஷினும் விற்கிறோம், அந்த மெஷின்காரர் கூப்பிட்டால் விண்டோஸ் போடச் சொல்லாதே, பயாஸ் டெஸ்ட் ஓட்டச் சொல். இதற்கு எவ்வளவு செலவாகிவிடும்?

இரண்டாவது யோசனைதான் ஊதின பேட்டரிக்கு நேரடி மருந்து. எப்போதும் சார்ஜரில் இருக்கும் மெஷினுக்கு எண்பது சதவீதத்தில் சார்ஜை நிறுத்திவிட்டால் பேட்டரி ரொம்ப நாள் வரும். நூறிலேயே நிற்பதும் சூடும் சேர்ந்தால் அதற்கு ரொம்ப ஆபத்து. இவர்களுடைய விண்டோஸ் ஆப்பில் அதற்கு ஒரு பட்டன் இருக்கிறது, அதே மெஷினை உபுண்டுவோடு வாங்கினால் கிடையாது, பயாஸிலும் கிடையாது. லினக்ஸின் அடிப்படைப் பாகமான கர்னலில் இதற்கென்று பொதுவான வழி எப்போதோ வந்துவிட்டது. லெனோவாவின் திங்க்பேட் லேப்டாப்களுக்கு 2018-இல் 4.17 கர்னலிலேயே வந்தது, ஆசுஸ் லேப்டாப்களுக்கு 2019-இல் 5.4-இல் வந்தது. உபுண்டுவில் நாம் பார்க்கும் டெஸ்க்டாப்பின் பெயர் க்னோம், 2025 மார்ச்சில் வந்த க்னோம் 48-இல் செட்டிங்ஸுக்குள்ளேயே இதற்கு ஒரு ஆப்ஷன் கொடுத்துவிட்டார்கள். கம்பெனி தன் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டால் போதும், க்னோம் 48-ஓ அதற்குப் பிந்தியதோ உள்ள புது உபுண்டுவில் அந்த ஆப்ஷன் தானாக வந்து நிற்கும். திறக்கவில்லை. அதுவரை என் பேட்டரியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது மின்வாரியம்தான், மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலை வரை கரண்ட்டை நிறுத்துவார்களே, அந்த ஒரு நாள்தான் அது நூறிலிருந்து இறங்கும்.

பயாஸ் அப்டேட் கதையும் இதே லட்சணம்தான். ரெட் ஹேட் என்ற லினக்ஸ் கம்பெனியின் ரிச்சர்ட் ஹியூஸ் உருவாக்கிய எல்விஎஃப்எஸ் என்று ஒன்று இருக்கிறது. கம்பெனிகள் பயாஸ் போன்ற ஃபர்ம்வேரின் அப்டேட்டை அதில் ஏற்றிவிட்டால் உபுண்டுவிலேயே அது காட்டும், ஓகே அழுத்தினால் ரீஸ்டார்ட்டில் ஏறிவிடும். டெல் 2015-இலிருந்தே இதில் இருக்கிறது, லெனோவா 2018-இல் சேர்ந்தது. என் கம்பெனியும் இருக்கிறது, அதுதான் இன்னும் எரிச்சல், விலை கூடின பிசினஸ் மாடல்களுக்கு மட்டும். என் மாடலுக்கு வெப்சைட்டில் விண்டோஸில் ஓடும் ஒரு எக்ஸி ஃபைல். உபுண்டு போட்டு விற்ற மெஷினுக்கு விண்டோஸில் மட்டும் ஏறும் அப்டேட். கைரேகை ரீடரைப் பற்றி எழுதவே போவதில்லை, அது இன்றுவரை வெறும் அலங்காரம்.

கம்பெனிக்காரர்கள் காதில் எதுவும் ஏறாது என்றும் சொல்லிவிட முடியாது. 2007 பிப்ரவரியில் டெல் வாடிக்கையாளர்களிடம் யோசனை கேட்டபோது லினக்ஸ் போட்டுக் கொடு என்ற கோரிக்கைதான் மேலே வந்து நின்றது, அதே வருடம் மே மாதமே அமெரிக்காவில் உபுண்டு 7.04 போட்ட கணினிகளை விற்க ஆரம்பித்துவிட்டார்கள். கேட்டால் நடக்கும். இங்கே சிக்கல் வேறு, நாம் கேட்பதே மேலே போய்ச் சேருவதில்லை. வேலூரில் கடைக்குப் போய் உபுண்டு மாடல் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், "எடுத்துக்குங்க சார், விண்டோஸ் ஃப்ரீயா போட்டுத் தரோம்" என்பார்கள். என்ன ஃப்ரீ என்று எல்லோருக்கும் தெரியும். லைசென்ஸ் காசு இல்லாததால் விலை குறைவு, அதனால் உபுண்டு மாடல் என்றாலே மலிவு மாடல், வீட்டுக்குப் போகும் முன்பே அழிக்கப்படும் மாடல். 2011-இல் அரசு கொடுத்த இலவச லேப்டாப்பிலும் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய அரசின் லினக்ஸும் இருந்தது, எனக்குத் தெரிந்த பிள்ளைகள் ஒருத்தரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கம்பெனியின் கணக்கிலும் அப்படித்தான் ஓடும் போலிருக்கிறது: உபுண்டு வாங்குகிறவன் உபுண்டுவை ஓட்டுவதில்லை, அவனுக்கு எதற்குச் சப்போர்ட்? அதனால் மூன்றாவது யோசனை, உபுண்டு முதல்முறை ஆன் ஆகும்போதே வாரண்டி பதிவையும் அங்கேயே கேளுங்கள். யார் உண்மையிலேயே ஓட்டுகிறார்கள் என்று எண்ணிக்கை உங்கள் கைக்கு வந்துவிடும். இப்போது அந்தப் பதிவுக்கும் விண்டோஸ் ஆப்தான்.

சரி, திட்டியாகிவிட்டது, மெஷினுக்கும் நியாயம் செய்ய வேண்டும். 20.04-இல் வாங்கினேன், 22.04, அப்புறம் 24.04, இரண்டு முறையும் அப்படியே மேலே ஏற்றினேன், ஒன்றும் உடையவில்லை. வைஃபை, ப்ளூடூத், கேமரா, ப்ரொஜெக்டர் எதற்கும் நான் கை வைத்ததே இல்லை. தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்க ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, பிள்ளைகளுக்கு வினாத்தாள் எல்லாம் லிப்ரெஆஃபீஸில் அதில்தான் அடிக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு கணினி அறிவியல் புத்தகத்தில் விண்டோஸோடு உபுண்டுவும் இருக்கிறது, படத்தில் பார்த்ததை என் மெஷினில் தொட்டுப் பார்க்கிறார்கள். பக்கத்து வீட்டில் நல்ல கம்ப்யூட்டர் ஒன்று விண்டோஸ் 11 ஏறாது என்று ஓரம்கட்டப்பட்டுக் கிடக்கிறது, 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் பத்துக்குச் சப்போர்ட் முடிந்துவிட்டதே. என்னுடையதற்கு அந்தக் கவலை இல்லை. இதன் கீபோர்டைப் போல ஒரு கீபோர்டு நான் எந்த லேப்டாப்பிலும் பார்த்ததில்லை, இதை டைப் அடிப்பதும் அதில்தான்.

புது பேட்டரி வந்தபிறகு நன்றாக ஓடுகிறது. மெயிலுக்குப் பதில் வந்தது, "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று, கீழே அந்த ஆப்பை டவுன்லோடு செய்ய ஒரு லிங்க்கோடு.

போன வாரம் ஆம்பூரிலிருந்து சித்தி மகன் கூப்பிட்டான். "அண்ணா, உங்க மாடல் இப்ப விலை நல்லா இறங்கியிருக்கு, உபுண்டுதான், எடுக்கட்டுமா?" மேலே எழுதிய எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், எடுடா என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அந்த விலைக்கு அதைவிட நல்ல லினக்ஸ் மெஷின் இந்தப் பக்கம் கிடைப்பது கஷ்டம். ஆனால் அவன் ஷூ கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறவன், மெஷின் காலையிலிருந்து ராத்திரி வரை சார்ஜரிலேயே கிடக்கும், ஆம்பூர் வெயிலும் வேலூருக்குக் குறைந்தது இல்லை. வேண்டாம் என்றேன். சென்னைக்குப் போகும்போது ரிச்சி தெருவில் நல்ல பழைய திங்க்பேட் ஒன்று பார், எண்பதில் நிறுத்திக்கொள்ளலாம் என்றேன். "என்னண்ணா, நீங்களே அதத்தான வச்சிருக்கீங்க?" என்றான். ஒரு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேனோ என்னவோ, அந்த ஃபார்மட் பேச்சு இன்னும் காதிலேயே இருக்கிறது.