ஆர்லாண்டோ: டிஸ்னி அறையா, யுனிவர்சல் அறையா?
அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் டிஸ்னி, யுனிவர்சல் இரண்டு தீம் பார்க் நிறுவனங்களுக்கும் சொந்த ஹோட்டல்கள் உண்டு; இரண்டு பக்கமும் வாடகை கையைக் கடிக்கும். அதனால் வாடகையோடு என்ன சேர்ந்து வருகிறது என்று பாருங்கள்.

யுனிவர்சலின் போர்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் மூன்று ஹோட்டல்களிலும் அறையில் தங்கும் எல்லாருக்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் இலவசம். பெரும்பாலான ரைடுகளில் நீண்ட வரிசை மிச்சம். செக்-இன், செக்-அவுட் இரண்டு நாளும் செல்லும். ஆக, நாலு பேர் ஒரே இரவு தங்கி இரண்டு நாள் ஓட்டிவிடலாம்! பூங்கா டிக்கெட் தனி. ஆனால் 2025 மே மாதம் திறந்த யுனிவர்சலின் புதுப் பூங்காவான எபிக் யுனிவர்சில் இந்தப் பாஸ் செல்லாது; அதை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது வீண் செலவு.

டிஸ்னியில் எவ்வளவு விலை கொடுத்து அறை எடுத்தாலும் லைட்னிங் லேனுக்கு (டிஸ்னியில் நீண்ட வரிசையைத் தவிர்க்கும் வழி) தனிக் காசுதான். டிஸ்னியின் கன்டெம்பரரி ஹோட்டலின் பலம் அது இருக்கும் இடம்: வாணவேடிக்கை முடிந்ததும், தூங்கி விழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேஜிக் கிங்டம் பூங்காவிலிருந்து நடந்தே அறைக்கு வந்துவிடலாம். கார் நிறுத்தவும் கட்டணமில்லை, யுனிவர்சலில் உண்டு.

சிறு பட்ஜெட்டா? டிஸ்னியின் பாப் செஞ்சுரி ஹோட்டல். பூங்காவுக்குப் போகும் ஸ்கைலைனர் ரோப்கார் வாசலிலேயே. யுனிவர்சலின் சிக்கன ஹோட்டலான சர்ஃப்சைடில் இலவச எக்ஸ்பிரஸ் பாஸ் கிடையாது.

கைக்குழந்தை இல்லாத வீடு என்றால், என் ஓட்டு ராயல் பசிஃபிக்குக்கு, ஒரே ஒரு இரவு.