கொழுந்தைத் ‘தளிர்’ ஆக்கும் வகுப்பு

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் சனிக்கிழமை தோறும் நடக்கும் அறிவிப்பாளர் பயிற்சி வகுப்பு இது. பெயர் வேண்டாம். இப்படியான வகுப்பில் சேர நினைப்பவர்கள் எந்த ஊரிலும் இதை வைத்து உரசிப் பார்த்துக்கொள்ளலாம். மொத்தம் 12 வகுப்பு, ஒவ்வொன்றும் 3 மணித்தியாலம். முதல் 5 வகுப்புக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. 6 தொடக்கம் 10 வரை ‘சுத்தத் தமிழ்’, கோளாறு அங்கேதான். கடைசி இரண்டும் ஒலிப்பதிவு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். மைக் வேலை ஒழுங்காகக் கற்றுத் தருகிறார்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. நேராக ஊதாமல் கொஞ்சம் பக்கவாட்டில் பேசினால் ‘ப’ வெடிக்காது. பிரதியில் மூச்சுக் கோடு போடும் முறையும் நன்று: காற்புள்ளி இருக்கும் இடமெல்லாம் நிறுத்தாமல், கருத்து முடியும் இடத்தில் கோடு. எண்களை முன்கூட்டியே எழுத்தில் எழுதிக்கொள்ளச் சொல்வது சின்ன விஷயம்தான், ஆனால் ‘839’ என்று வந்ததும் பாதிப் பேர் தடுக்கி விழுவது இதில் நின்றுபோகும்.

ல, ள, ழ பயிற்சிதான் வகுப்பின் சிறந்த பகுதி. ல-வுக்கு நாக்கு நுனி மேல்பல்லின் பின்னால் தொடும். ள-வுக்கு நுனி மடிந்து அண்ணத்தில் தொடும். ழ-வுக்கு மடிந்து பின்னால் போகும், ஆனால் எங்கும் ஒட்டாது. ஒலி, ஒளி, ஒழி என்று மூன்றையும் கண்ணாடி பார்த்துச் சொல்ல வைக்கிறார்கள். இதில் வழமையாக வரும் பிழை, ழ வந்த சந்தோசத்தில் எல்லா இடத்திலும் அதையே போடுவது. பள்ளி ‘பழ்ழி’ ஆகும், வெள்ளம் ‘வெழ்ழம்’ ஆகும். நாலாம் வகுப்புக்குள் அதையும் திருத்திவிடுகிறார்கள்.

ஆறாம் வகுப்பில் ஒரு தாள் கைக்கு வருகிறது. இடப்பக்கம் ‘தவறு’, வலப்பக்கம் ‘சரி’. டீச்சர் – ரீச்சர். டிக்கட் – ரிக்கற். ஆமா – ஓம். வாங்க – வாங்கோ. பேசுறாங்க – கதைக்கினம். இடப்பக்கச் சொல் வாயில் வந்தால் பிரதியின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘தோ.பா.’ என்று குறி விழும். தோட்டப் பாஷையாம்.

இடப்பக்கம் மலையகத் தோட்டப் பேச்சு, வலப்பக்கம் யாழ்ப்பாணப் பேச்சு. இதில் எதுவும் சரி, தவறு சம்பந்தப்பட்டதே இல்லை. யாழ்ப்பாணப் பேச்சில் ‘காற்று’, ‘நேற்று’ என்பவற்றின் ற்ற, நாக்கு நுனி மேல்பல் ஈறில் முட்டிப் பிறக்கும் வல்லோசை. ‘டீச்சர்’ என்பதன் ஆங்கில முதலெழுத்தும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் பிறக்கிறது. ஆகவே அந்தக் காதுக்கு அது ற. தமிழ் எழுத்தில் ற சொல்லுக்கு முதலில் வராது என்பதால் ‘ரீச்சர்’ என்று எழுதும் வழக்கம் வந்தது. மலையகத்தில் காத்து, நேத்து. ஈறில் முட்டும் அந்த வல்லோசை நம் பேச்சில் இல்லை. இருப்பதில் கிட்டியது ட. இரண்டும் தோராயம்தான், ஒன்றுக்கு மட்டும் சிவப்பு மை எதற்கு?

இதைச் சொல்லிக்கொடுக்காமல் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்வதால்தான் பிள்ளைகள் விழுகிறார்கள். ரீச்சரை எழுத்தில் உள்ளபடியே முழு ர போட்டு வாசிக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ட எல்லாமே பிழை என்று பயந்து டொக்டரையும் ‘ரொக்டர்’ ஆக்குகிறார்கள். யாழ்ப்பாணத்தார் அதன் முதலெழுத்தை ட போட்டுத்தான் சொல்கிறார்கள். இன்னொன்று: யாழ்ப்பாண வீட்டுப் பேச்சிலும் ழ பெரும்பாலும் ள-தான். அதற்கு இந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. யாருடைய வாயை அளவுகோலாக வைத்துத் தாள் அடித்தார்கள் என்பது அதிலேயே தெரிகிறது.

ஊருக்குள்ளும் இந்த ஏற்ற இறக்கம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ‘ஆமா’, உத்தியோகத்தர் குடியிருக்கும் ஸ்டாப் குவாட்டர்ஸில் ‘ஓம்’ என்று ஒரே தோட்டத்துக்குள் பிரிந்து நிற்பதைப் பல இடங்களில் கேட்கலாம். டவுன் கடையில் வாய் திறந்ததும் “எந்தத் தோட்டம்?” என்று கேட்பார்கள். வகுப்பு இதை உண்டாக்கவில்லை, கட்டணம் வாங்கிக்கொண்டு வளர்க்கிறது.

பேச்சு வழக்கை விட மோசம், எட்டாம் வகுப்பின் சொற்பட்டியல். தேயிலைக் கொழுந்துக்குத் ‘தளிர்’ என்கிறார்கள். தளிர் எந்தச் செடியிலும் வரும். பறித்து, நிறுத்து, பேர் (ஒரு நாள் சம்பளக் கணக்கு) போடுவது கொழுந்து. ‘பிரட்டு’ என்பதை ‘அணிவகுப்பு’ ஆக்கியிருக்கிறார்கள். மூலம் ஆங்கிலப் ‘பரேட்’ என்பது உண்மைதான், ஆனால் காலையில் வேலை பிரிக்கும் இடத்தை அணிவகுப்பு என்று வானொலியில் வாசித்தால் பொலிஸ் வந்துவிட்டதோ என்றுதான் கேட்பவர் நினைப்பார். ‘காம்பரா’வுக்கு ‘அறை’. லயத்தில் ஒரு காம்பரா என்றால் ஒரு குடும்பத்தின் முழு வீடு. “தீயில் ஆறு அறைகள் சேதம்” என்று வாசித்தால் ஒரு பெரிய வீடு எரிந்ததாகத்தான் கொழும்பில் விளங்கும். தெருவுக்கு வந்தது ஆறு குடும்பம்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது ‘அரைப்பேர்’. தாளில் அதற்கு ‘அரைநாள் வேலை’. அப்படியல்ல. நாள் முழுக்க மலையில் நின்று எடுத்த கொழுந்து, குறித்த கிலோவுக்குக் குறைந்தாலும் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்தான் விழும். “தொழிலாளர்கள் அரைநாள் வேலை செய்தனர்” என்று வாசித்தால் சம்பளத்தை வெட்டியவர் பக்கம் செய்தி சாய்ந்துவிடுகிறது. கவ்வாத்து, மட்டக்கம்பு (கொழுந்து எடுக்கும் மட்டம் பார்க்கும் தடி), படங்கு (கொழுந்து எடுப்பவர் இடுப்பில் கட்டுவது), கைக்காசு (கையோடு காசு கிடைக்கும் வேலை) இவற்றுக்கும் இதே கதி. பொதுத்தமிழில் நிகரான சொல் இல்லாத இடத்தில் தோட்டச் சொல்லை அப்படியே வைத்து, தெரியாதவர்களுக்கு அரை வரியில் விளக்கம் சேர்ப்பதுதான் செய்தி வாசிப்பவர் படிக்க வேண்டியது. ‘கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடும் வேலை’ என்று ஒருமுறை சொன்னால் போதும்.

சேர்வதானால் காசு கட்டும் முன் சொற்பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தர மறுத்தால் முதல் தவணையை மட்டும் கட்டி ஐந்தாம் வகுப்போடு நின்றுகொள்ளலாம். இங்கே தவணைக்கு இடம் உண்டு. ஒலிப்பதிவுக்கு அவர்கள் தரும் பிரதியோடு, தோட்டத்துச் செய்தி ஒன்றை உங்கள் சொல்லிலேயே எழுதிக்கொண்டு போங்கள். இரண்டையும் பதிந்து தரச் சொன்னால் மறுப்பதில்லை. பிறகு வேலைக்கு அனுப்ப உதவுவது அந்தப் பதிவுதான், சான்றிதழ் அல்ல. சான்றிதழ் கலரில் அச்சடித்து, லெமினேட் செய்து, நன்றாகத்தான் இருக்கிறது. அதில் ‘வானொலி ஒளிபரப்பு’ என்று போட்டிருக்கிறார்கள்.