கிளியரன்ஸ் பழக எது பெஸ்ட்: ரெக்கார்டிங்கா, வாட்சிமா, வீட்டு ஆளா?

சுபாங் ஏர்போர்ட் பக்கம் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளிய பார்க்காம கருவிய வெச்சு ஓட்டறதுக்கான தகுதி) படிக்கிற பைலட்டுங்க கிட்ட கேட்டா, கிளியரன்ஸ், அதாவது கன்ட்ரோலர் ரேடியோல சொல்ற ரூட், உயர அனுமதிய கேட்டு எழுதித் திருப்பிச் சொல்றது, அதப் பழக ஆளுக்கு ஒரு வழி சொல்வாங்க, நான் மூணையும் தொட்டுப் பார்த்துட்டு இப்ப தங்கச்சிய வாசிக்க வெச்சுதான் பழகறேன், அதனால இது நடுநிலையான அலசல்னு எதிர்பார்க்காதீங்க.

எப்படி எழுதறதுங்கிறதுல பெரிசா சண்டை இல்ல. கிராஃப்ட் (CRAFT) வரிசை படிக்கிற எல்லாருக்கும் தெரியும், எங்க வரைக்கும், ரூட், உயரம், ஃப்ரீக்வன்சி, ஸ்குவாக் (ரேடார்ல நம்மள அடையாளம் காட்டற நாலு இலக்க கோடு). அது அமெரிக்கக்காரன் பழக்கம், நம்ம பக்கம் எஸ்ஐடி (ஏர்போர்ட்லேருந்து கெளம்பற நிலையான ரூட்) பேரும் சேர்ந்து வரும், அதுக்கு ஒரு இடம் விட்டுக்கோங்க, அவ்ளோதான்.

கன்ட்ரோலர்-பைலட் ரேடியோ பேச்சோட ரெக்கார்டிங் காசில்லாம கெடைக்குது, நெசமான ஸ்பீடு, நெசமான இரைச்சல். காது பழக இதுக்கு மிஞ்சி ஒண்ணும் இல்ல. ஆனா ரெண்டாவது தடவ கேக்கும்போதே பதில் மனப்பாடம் ஆயிடும், நாம தப்பா ரீட்பேக் பண்ணாலும், அதாவது தப்பா திருப்பிச் சொன்னாலும், அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும்.

எனக்கு இந்த கடைசி விஷயம்தான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது. 1989 பிப்ரவரி 19, சிங்கப்பூர்லேருந்து சுபாங்குக்கு வந்த ஃப்ளையிங் டைகர் 66, கார்கோ 747. கன்ட்ரோலர் 'டிசென்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ'ங்கிறார், அதாவது 2400 அடி. மேலேருந்து வந்த பதில் 'ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ'. முன்னாடி இருந்த டூவ ரெண்டுன்னு (two) எடுக்காம 'வரைக்கும்'னு (to) எடுத்துக்கிட்டு 400க்கு எறங்கிட்டாங்க. அந்த ரீட்பேக்க யாரும் பிடிக்கல, பூச்சோங் பக்கம் மலையில மோதி நாலு பேரும் போயிட்டாங்க. இது டிசென்ட்தான், ரூட் கிளியரன்ஸ் இல்ல, ஆனாலும் வியாதி ஒண்ணுதான். எழுதறது பாதி வேலை, திருப்பிச் சொல்றத ஒருத்தர் கேட்டு சரிபார்க்கிறது மீதி.

தங்கச்சிக்கு ஏரோப்ளேன் பத்தி ஒண்ணும் தெரியாது, பேங்க் கவுன்டர்ல வேலை, நம்பர உணர்ச்சியே இல்லாம வறண்ட குரல்ல வாசிப்பா. நான் பிரிண்ட் பண்ணித் தர்ற கார்டுல உயரத்தையோ ரூட்டையோ எனக்குச் சொல்லாம ஒரு இடத்துல மாத்தி வாசிக்கணும், ஏன்னா முன்னாடியே ஃபைல் பண்ண ஃப்ளைட் பிளான் மண்டையில இருக்கும்போது நாம கேட்டத எழுத மாட்டோம், எதிர்பார்த்ததத்தான் எழுதுவோம். ரீட்பேக் ஒரு நம்பர் பிசகினாலும் 'நெகட்டிவ்'னு சொல்லிட்டு முதல்லேருந்து ஆரம்பிப்பா. சில நேரம் ஸ்குவாக் 2841ன்னு விடுவா, அங்கேயே நான் மடக்கணும், ஸ்குவாக்ல 8, 9 கெடையாதே. இரைச்சல் வேணும்னா கெளானா ஜெயா எல்ஆர்டில வரும்போது ஃபோன் பண்ணச் சொல்லுங்க, ரேடியோவே தேவலாம்னு ஆயிடும் லா.

வாட்சிம்ங்கிறது கம்ப்யூட்டர் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டறவங்களுக்கான ஆன்லைன் நெட்வொர்க், அங்க கன்ட்ரோலரா நெசமா ஒருத்தர் கேட்டுத் திருத்துவார், அது பெரிய ப்ளஸ். ஆனா கன்ட்ரோலர்ங்க எல்லாம் வாலன்டியர், நமக்கு நேரம் கெடைக்கும்போது நம்ம ஏர்போர்ட்ல யாராவது உக்காந்திருக்கணும். நான் கொஞ்சம்தான் ஓட்டியிருக்கேன், ரொம்ப நாள் ஓட்டினவங்க வேற மாதிரி சொல்லலாம். ஹாஸ்டல்ல தனியா இருக்கிறவங்களுக்கு இதுதான் வழி.

கூடப் படிக்கிற ரூம்மேட்ட மட்டும் வாசிக்கச் சொல்லாதீங்க. நாம உளறினாலும் என்ன சொல்ல வந்தோம்னு அவனுக்குப் புரிஞ்சிடும், விட்டுடுவான்.