ரெடிமேட் அடாப்டரா, ஆர்டுயினோவா? பழைய நின்டெண்டோ கன்ட்ரோலரை ஆர்கேட் பெட்டியில் இணைக்க

ஒரே கன்ட்ரோலர் என்றால் ரெடிமேட் யூ.எஸ்.பி. அடாப்டர் போதும், செருகி, எமுலேட்டரில் (பழைய கேம்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) பட்டன்களை அமைத்தால் வேலை முடிந்தது. ஒரே மாதிரி இரண்டு அடாப்டர் போடும்போதுதான் தலைவலி. பலவற்றில் தனி வரிசை எண் கிடையாது. பெட்டியை ஆன் செய்ததும் எது முதலில் தெரிகிறதோ அதுவே முதல் ஆட்டக்காரர். லினக்ஸில் போர்ட்டை வைத்து யூடெவ் (செருகும் சாதனங்களைக் கவனிக்கும் லினக்ஸ் பகுதி) விதி எழுதிச் சரிசெய்யலாம்.

ஆர்டுயினோ (நிரல் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) வழிக்கு ஏடிமெகா32யூ4 சிப் உள்ள ப்ரோ மைக்ரோ வாங்குங்கள். ஜாய்ஸ்டிக் நிரலை ஏற்றினால் கணினிக்கு அது நேரடியாக ஜாய்ஸ்டிக்காகவே தெரியும். என்.இ.எஸ்., சூப்பர் நின்டெண்டோ (நின்டெண்டோவின் 1980, 90களின் கன்சோல்கள்) கன்ட்ரோலரிலிருந்து ஐந்தே ஒயர்: 5 வோல்ட், கிரவுண்ட், லாட்ச் (பட்டன் நிலைகளைப் பிடித்து வைக்கச் சொல்வது), கிளாக் (அடுத்த பட்டனுக்கு நகர்த்துவது), டேட்டா. லாட்ச்சை 12 மைக்ரோவினாடி உயர்த்தி இறக்கினால் முதல் பட்டனின் நிலை டேட்டாவில் நிற்கும். ஒவ்வொரு கிளாக் துடிப்புக்கும் அடுத்த பட்டன் வரும். என்.இ.எஸ்.ஸுக்கு 8 பிட், சூப்பர் நின்டெண்டோவுக்கு 16. பட்டனை அழுத்தினால் டேட்டா 0 ஆகும், 1 அல்ல. டேட்டா பின்னுக்குப் புல்-அப் (பின்னை 5 வோல்ட்டோடு இணைக்கும் ரெசிஸ்டர்) கொடுக்க மறந்தால், கன்ட்ரோலரைக் கழற்றியதும் பட்டன்கள் தாமாகவே அழுந்தத் தொடங்கும். ஒயர் நிறத்தை நம்பவே வேண்டாம், மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்.

இருவர் ஆடும் பெட்டிக்கு என் ஓட்டு ஆர்டுயினோவுக்குத்தான்: இரண்டு கன்ட்ரோலருக்கும் லாட்ச்சும் கிளாக்கும் பொது, டேட்டா மட்டும் தனித்தனி. ஆட்டக்காரர்கள் இடம் மாறுவதில்லை.