வாயைத் திறந்து பார்க்காமலே வாய்நாற்றத்துக்கு மருந்து: திருகோணமலை ஆட்கள் கவனம்

வாய்நாற்றத்துக்கு "வயிற்றைக் கழுவினால் சரி" என்று சொல்லி எங்கள் ஊரில் காசு பறிக்கிறார்கள். என் தம்பி அதில் மாட்டினான். இடத்தின் பெயரை எழுதவில்லை. எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தால் எங்கே கண்டாலும் விலகிக்கொள்ளலாம்.

தம்பி நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வரவேற்பில் நிற்கிறான். ஆட்களுடன் கிட்ட நின்று கதைக்கிற வேலை. கூட வேலை செய்கிற ஒருவர் முகத்தைத் திருப்பிய பிறகு, வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசினான். வீட்டில் சொல்ல வெட்கம். முகநூலில் விளம்பரம் பார்த்துத் தனியாகப் போயிருக்கிறான். கையில் ஓர் உலோகக் கம்பியைப் பிடிக்கச் சொல்லி, கம்ப்யூட்டரில் அறிக்கை எடுத்துக் கொடுத்தார்களாம். ஈரல் பலவீனம், குடலில் நச்சு, இரைப்பையில் வாயு. மூன்று மாதத்துக்குப் பொடி, லேபல் இல்லாத போத்தலில் கொப்பளிக்கிற தண்ணி, எல்லாம் சேர்த்து 18,500 ரூபா. பில் கேட்டால் "கோர்ஸ் முடியத் தருவம்." போதாததுக்கு, "இப்பிடியே விட்டா கலியாணமும் சரிவராது தம்பி" என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பிள்ளையின் வெட்கத்தை இப்படி விலைபேசியதுதான் எனக்கு ஆறவில்லை.

அங்கே ஒருவர்கூட அவன் வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்க்கவில்லை.

பொடியால் வயிற்றாலே போனது. முரசில் (பல் ஈறில்) இரத்தம் வருகிறது என்று கேட்டதற்கு "நச்சு வெளியேறுது, நல்லது" என்றார்கள். அந்தப் பதில்தான் மிக ஆபத்தானது. முரசில் இரத்தம் வருவது பெரும்பாலும் முரசு நோயின் அடையாளம். கவனிக்காமல் விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து பல் ஆடும்.

பிறகு அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கீழ் முன்பற்களின் உட்பக்கம் முழுக்கக் காறை (பல்லில் இறுகிப் படிந்த அழுக்கு), முரசு வீக்கம், நாக்கின் பின்பக்கம் வெள்ளைப் படலம். காறையை எடுத்து, பல்லிடுக்கு சுத்தம் செய்யவும் நாக்கை வழிக்கவும் காட்டிக்கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. இப்போது கையை எடுத்துவிட்டுக் கதைக்கிறான்.

வைத்தியர் விளக்கியது இது. பெரும்பாலான வாய்நாற்றம் வாய்க்குள்ளேயே பிறக்கிறது. நாக்கின் பின்பக்கத்திலும் முரசின் இடுக்கிலும் காற்றுப் படாமல் வாழும் பாக்டீரியாக்கள் புரதத்தை உடைக்கும்போது கந்தக வாயுக்கள் வருகின்றன. உமிழ்நீர் குறைந்தால் அது கூடும். காலையில் எழும்பியதும் எல்லாருக்கும் மணப்பது அதனால்தான். உணவுக்குழாய் சாதாரணமாக மூடியே இருப்பதால், ஏப்பம் விடும்போதோ புளித்து மேலே வரும்போதோ தவிர, வயிற்று மணம் வாய்க்கு வருவது குறைவு. அப்படியிருக்க, முதலில் வயிற்றைக் கழுவி என்ன பயன்?

வாயில் பிழை ஒன்றும் இல்லையென்றால் டான்சிலில் படிகிற கல், பீனிசம், வாயை உலரவைக்கும் மாத்திரைகள் என்று தேடவேண்டும். சீனி வருத்தம் உள்ளவருக்குப் பழம் அழுகியது போன்ற மணத்துடன் வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தால் அது அவசரம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கொப்பளிக்கிற மருந்தை நம்பி மட்டும் இருக்கவேண்டாம். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிகொல்லி உள்ளது நல்ல மருந்துதான், ஆனால் கொஞ்ச நாளைக்குத்தான்; தொடர்ந்து பாவித்தால் பல்லில் மண்ணிறக் கறை படியும். தம்பியின் பல்லிலும் அப்படி ஒரு கறை இருந்தது. போத்தலில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

வாங்குபவர் கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் சொல்கிறது. முறைப்பாடு செய்ய நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. நாங்கள் போத்தலையும் அந்த அறிக்கைத் தாளையும் எறியாமல் வைத்திருக்கிறோம். உங்களிடமும் அப்படி ஏதாவது இருந்தால் பத்திரமாக வையுங்கள், முறைப்பாட்டுக்கு உதவும்.