குவாரி பேங்க் பஞ்சாலை: அப்ரண்டிஸ் விடுதியை முதலில் பாருங்கள்

இங்கிலாந்தில் மான்செஸ்டர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டையல் என்று ஒரு சின்ன ஊர். அங்கே பொலின் ஆற்றங்கரையில் நிற்கிறது குவாரி பேங்க் மில். 1784-ல் சாமுவேல் கிரெக் தொடங்கிய பருத்தி ஆலை இது. 1939-ல் கிரெக் குடும்பத்தார் இதை நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புக்குக் கொடுத்துவிட்டார்கள், இப்போது அருங்காட்சியகம். போய்ப் பாருங்கள் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் வந்ததும் நேராக ஆலைக்குள் நுழைந்துவிடாதீர்கள். கொஞ்சம் தள்ளி அப்ரண்டிஸ் விடுதி, அதாவது ஒப்பந்தத்தில் ஆலை வேலைக்கு வந்த பிள்ளைகள் தங்கிய வீடு இருக்கிறது. முதலில் அங்கே போங்கள்.

நான் நூற்பாலையில் மெஷின் பராமரிப்பில் பல வருடம் இருந்தவன். என் கண் முதலில் மெஷினைத்தான் தேடும். ஆனால் இந்த ஆலையில் யார் வேலை செய்தார்கள் என்று தெரிந்துகொண்டு மெஷினைப் பார்ப்பதும், தெரியாமல் பார்ப்பதும் ஒன்றல்ல.

விடுதி 1790-ல் கட்டியது. வெள்ளையடித்த, பார்க்க அழகான வீடு. முன்னால் காய்கறித் தோட்டம். இங்கே சுமார் 90 பிள்ளைகள் வரை இருந்திருக்கிறார்கள், பெண் பிள்ளைகளே அதிகம். பெரும்பாலும் அநாதைகள், அல்லது பெற்றோரால் வளர்க்க முடியாமல் ஏழைகள் இல்லத்தில் விடப்பட்டவர்கள். அந்தக் காலத்தில் ஏழைகளுக்குச் சோறு போடும் பொறுப்பு ஊர்த் திருச்சபை வட்டாரத்துக்கு இருந்தது. செலவைக் குறைக்க, பிள்ளைகளை ஒப்பந்தம் எழுதி ஆலைக்கு அனுப்பிவிடுவார்கள். ஒப்பந்தம் முடிய வருடக்கணக்காகும். சாப்பாடு, துணி, படுக்கை உண்டு. கூலி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, கூடுதல் நேரம் பார்த்தால் சில்லறை.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்த அம்மா நிதானமாகப் பேசினார். படுக்கை அறையில் நின்று, ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் என்றார். கூட வந்த ஒரு சின்னப் பெண், கட்டில் போதவில்லையா என்று கேட்டாள். அதற்கு அவர் சொன்ன பதில்தான் அன்று நான் கேட்டதில் முக்கியமானது. 1802-ல் பாராளுமன்றம் அப்ரண்டிஸ் பிள்ளைகளுக்காக ஒரு சட்டம் போட்டது. ஒரு கட்டிலில் இரண்டு பேருக்கு மேல் படுக்க வைக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனி அறை, வருடத்துக்கு ஒரு புதுத் துணி, ஆலைச் சுவருக்கு வருடத்தில் இரண்டு முறை சுண்ணாம்பு, நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. இதையெல்லாம் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் மற்ற ஆலைகளில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தச் சட்டத்தைக் கண்காணிக்கச் சம்பளம் வாங்கும் ஆய்வாளர்கள் கிடையாது. அவர்கள் வந்தது 1833-ல்தான், அதுவும் நாடு முழுவதற்கும் நான்கு பேர்.

குவாரி பேங்க் அந்தக் காலத்து 'நல்ல ஆலை'. இது வெறும் பெருமைப் பேச்சு இல்லை. பீட்டர் ஹாலண்ட் என்ற மருத்துவரை கிரெக் அமர்த்தியிருந்தார். முதலாளியின் மனைவி ஹன்னா கிரெக் பிள்ளைகளின் படிப்பில் அக்கறை காட்டினார். காலையில் பால் கஞ்சி, ஞாயிற்றுக்கிழமை வேகவைத்த பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும். இந்தச் சாப்பாட்டு விவரமெல்லாம் முதலாளி எழுதி வைத்ததில்லை, ஓடிப்போன இரண்டு பையன்கள் சொன்னது. அதனால்தான் நான் நம்புகிறேன்.

ஜோசப் செஃப்டன், தாமஸ் பிரீஸ்ட்லி. ஒருவனுக்கு 17 வயது, இன்னொருவனுக்கு 13. லண்டன் ஹாக்னி ஏழைகள் இல்லத்திலிருந்து வந்தவர்கள். 1806-ல் இருவரும் தப்பித்து லண்டன் வரை போய்விட்டார்கள். நீதிபதிகள் முன் நிறுத்தியபோது அவர்கள் கொடுத்த வாக்குமூலம் இன்றைக்கும் இருக்கிறது. கஞ்சி நன்றாக இருந்தது, கட்டிலில் போர்வையும் விரிப்பும் இருந்தன என்று மறைக்காமல் சொல்கிறார்கள். வேலை காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை, கோடையானாலும் குளிரானாலும். அதற்கு மேலும் தன்னை ஓவர்டைம் பார்க்க வைத்தார்கள், தனக்கு அது பிடிக்கவில்லை, புத்தகம் படிக்க வேண்டும் என்று இருந்தது என்கிறான் செஃப்டன்.

பிரீஸ்ட்லி சொன்னது வேறு. அவன் பொறுப்பில் இரண்டு மெஷின்கள். பஞ்சு கொடுக்க வேண்டும், இழை அறுந்தால் முறுக்கி ஒட்ட வேண்டும், மெஷினுக்கு எண்ணெயும் போட வேண்டும். ஒரு நாள் சக்கரம் ஒன்று இடது கை ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்துப் பிய்த்துவிட்டது. ஹாலண்ட் மருத்துவம் பார்த்தார், சுமார் ஆறு வாரத்தில் ஆறியது. அப்புறம்தான் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பியிருக்கிறான்.

இதைக் கேட்டுவிட்டு ஆலைக்குள் போங்கள்.

உள்ளே ஆளை வைத்தே மெஷின் ஓட்டிக் காட்டுகிறார்கள். ஒன்றிரண்டு தறி ஓடும்போதே பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. ஒரு கூடம் நிறைய ஓடியிருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சின்னக் குழந்தைகள் பயந்து அழுவார்கள், கைக்குழந்தையோடு போகிறவர்கள் தறிக்கூடத்தைத் தவிர்க்கலாம். தண்ணீரில் சுற்றும் பெரிய இரும்புச் சக்கரத்தைப் பற்றி நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள், அது பார்க்க வேண்டியதுதான். நான் அதிக நேரம் நின்றது ஸ்பின்னிங் மியூல் பக்கத்தில்.

சாமுவேல் கிராம்ப்டன் 1779-ல் உருவாக்கிய, நூல் நூற்கும் மெஷின் வகை அது. நூல் சுற்றும் கதிர்கள் பொருத்திய வண்டி ஒன்று தண்டவாளத்தில் முன்னே வரும், இழையை இழுத்து முறுக்கும், திரும்ப உள்ளே போகும். வண்டி வெளியே வந்து நிற்கும் அந்தச் சில நொடியில், விரிந்திருக்கும் இழைகளுக்கு அடியில் ஒரு குழந்தை தவழ்ந்து போய்த் தரையில் கிடக்கும் பஞ்சுக் கழிவைக் கூட்டி எடுத்துக்கொண்டு வண்டி திரும்பும் முன் வெளியே வர வேண்டும். நான் குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தேன். என் தோள் போகாது. பெரியவர்கள் யாருடைய தோளும் போகாது. சம்பளம் குறைவு என்பதற்காக மட்டும் அங்கே பிள்ளைகளை வைக்கவில்லை. அந்த மெஷினை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும் என்றால் அந்த அளவுள்ள உடம்பு வேண்டும். அதை முன்னால் வைத்துத்தான் வேலையை வகுத்திருக்கிறார்கள்.

எங்கள் தொழிலில் புதிதாக ஒருவன் சேர்ந்தால் சொல்லிக்கொடுக்கும் முதல் விஷயம், மெஷினை நிறுத்தாமல் கை வைக்காதே என்பது. பல்சக்கரத்துக்கு மூடி இல்லாமல் ஓட்டினால் சண்டைக்குப் போவேன். பிரிட்டனில் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு போட வேண்டும் என்றும், ஓடும் மெஷினின் பாகங்களைப் பிள்ளைகள் துடைக்கக் கூடாது என்றும் சட்டம் வந்தது 1844-ல். பிரீஸ்ட்லி விரலை இழந்து கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழித்து. கம்பி வலை வைத்த ஒரு மூடி செய்வது அப்போதிருந்த கொல்லர்களுக்கு ஒரு நாள் வேலை. அங்கே நிற்கும்போது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

இன்னொரு விஷயத்தையும் இங்கே மறைக்கவில்லை. கிரெக் குடும்பத்துக்கு கரீபியன் தீவான டொமினிகாவில் அடிமைகள் வேலை செய்த தோட்டம் இருந்தது. பிற்காலத்தில் பஞ்சாலைகள் நிறைந்த லங்காஷயர் வட்டார ஆலைகளுக்குள் வந்த பருத்தியில் பெரும்பகுதி அமெரிக்க அடிமைகள் பறித்தது. விடுதிப் பிள்ளைகளிடம் கருணை காட்டிய அதே வீட்டில்தான் அந்தத் தோட்டத்துக் கணக்கும் இருந்தது. ஹன்னா அம்மையார் நல்லவர் என்ற கதையோடு நிறுத்திவிடாமல் இதையும் வைத்திருப்பதற்காக நேஷனல் டிரஸ்டைப் பாராட்ட வேண்டும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வேறொரு பழைய ஆலையில் (பெயர் வேண்டாம்) 'சுறுசுறுப்பான சின்ன விரல்கள்' என்று ஒரே ஒரு பலகை, பக்கத்தில் தொப்பி போட்ட பையன் பொம்மையோடு படம் எடுக்க இடம். அவ்வளவுதான். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால் ஆலை வேலை ஏதோ விளையாட்டு என்று நினைத்துத் திரும்பும்.

விடுதிக்குள் வழிகாட்டியோடு போவதற்கு நேரம் குறித்துக் கொடுத்தார்கள். அதனால் காலையிலேயே போய்க் கேட்டுவிடுங்கள். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளோடு போவது நல்லது, அந்த வயதில்தான் பலர் அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதால் அவர்களே கேள்வி கேட்பார்கள். எஸ்தர் பிரைஸ் பற்றி வழிகாட்டி தானாகச் சொல்லவில்லை என்றால் கேளுங்கள். 1836-ல் ஓடிப்போய்த் திரும்பிய அந்தப் பெண்ணை இதே வீட்டில் ஜன்னலுக்குப் பலகை அடித்த அறையில் பூட்டி வைத்தார்கள். நல்ல ஆலையிலேயே. படிக்கட்டுகள் நிறைய உண்டு, முழங்கால் வலி உள்ளவர்கள் நிதானமாக ஏறுங்கள். தோட்டத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டால் போதும். நேரம் குறைவாக இருந்தால் அதை விட்டுவிடலாம், விடுதியையும் மியூல் இருக்கும் கூடத்தையும் விடாதீர்கள்.